குமிழை வரைந்த பதினோரு நோட்டுகள்: வெங்காயத்தோல் செய்முறை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூரில் கடலை ஒட்டிய பகுதியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு, 36 மாணவர்கள். பாடம் செல், செய்முறை, வெங்காயத்தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரைவது. பள்ளியில் நான்கு கூட்டு நுண்ணோக்கிகள் இருந்தன. நான்கும் ஒரே வகை. 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், 10 மடங்கும் 45 மடங்குமாக இரண்டு பொருளருகு லென்ஸ்கள், மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர், அதற்கும் கீழே ஒரு பக்கம் சமதள ஆடியும் மறுபக்கம் குழியாடியும் உள்ள வட்டக் கண்ணாடி. மின்விளக்கு வசதி கிடையாது, சன்னல் வெளிச்சம்தான். அந்தச் சன்னலும் கிழக்கே கடலைப் பார்த்தது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மழைக்காலம் முழுக்க நுண்ணோக்கிகள் மரப்பெட்டிக்குள் பூட்டியே கிடந்தன. பொங்கல் கழிந்துதான் பெட்டிகள் திறக்கப்பட்டன. ஆய்வக உதவியாளர் பணியிடம் இல்லாத பள்ளி அது. பெட்டியைத் திறப்பதும் துடைப்பதும் ஸ்லைடு தயாரிப்பதும் பாடம் நடத்துவதும் அறிவியல் ஆசிரியை ஒருவர் தலையில்தான்.

முதல் வகுப்பு

பாடவேளை 45 நிமிடம். தோல் உரித்து, சாயமேற்றி, நான்கு நுண்ணோக்கிகளிலும் படம் தெளிய வைப்பதற்குள் 25 நிமிடம் ஓடிவிட்டது. ஒரு நுண்ணோக்கிக்கு ஒன்பது பேர் என்று வரிசை கட்டினால் மீதி 20 நிமிடத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். உண்மையில் பலருக்கு அரை நிமிடமே கிடைத்தது. கண்ணாடி போட்ட பிள்ளைகள் அதைக் கழற்றி மாட்டுவதற்குள் அடுத்தவர் முறை வந்துவிட்டது.

தயாரிப்பு முறை புத்தகத்தில் உள்ளபடிதான். பெரிய வெங்காயத்தின் சதையிதழில் உட்புறத் தோலை இடுக்கியால் உரித்து, 1 சதவீத சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே நீர் கலக்காத கிளிசரின் ஒரு சொட்டு வைத்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடினார்கள். உரித்த தோல்கள் சாயமேறும் முன் சில நிமிடம் மேசையில் காற்றுப்பட்டுக் கிடந்தன. நேரம் போகிறதே என்ற அவசரத்தில் கவர் ஸ்லிப் சாய்த்து இறக்கப்படாமல் மேலிருந்து தட்டையாகவே வைக்கப்பட்டது.

ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், வட்டமா கறுப்பு விளிம்போட ஒண்ணு தெரியுது. அதான் செல்லா மிஸ்?” வரிசையில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். “தெரியுது இல்லம்மா, போய் வரைஞ்சிடு” என்ற பதிலோடு அது முடிந்தது.

நோட்டுகளில் இருந்தது

மறுநாள் 36 நோட்டுகளும் திருத்தத்துக்கு வந்தன. அவை மூன்று வகையாகப் பிரிந்தன. இருபத்தொரு நோட்டுகளில் செங்கல் அடுக்கியது போன்ற நேர்த்தியான செல்கள். பதினொன்றில் தடித்த கறுப்பு விளிம்புடைய வட்டங்கள். நான்கில் அடையாளம் சொல்ல முடியாத கலங்கலான கோடுகள்.

முதல் பார்வையில் ஆசிரியை அந்த இருபத்தொன்றையும் சரி என்று குறித்தார். பிறகு பாகங்களின் பெயர்களைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவற்றில் பலவற்றில் செல்லின் மிகச் சிறிய உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் கோல்கை உறுப்பும் ரைபோசோமும் அம்புக்குறி போட்டுக் காட்டப்பட்டிருந்தன. ரைபோசோமின் அளவு சுமார் 20 முதல் 30 நானோமீட்டர். எவ்வளவு நல்ல ஒளி நுண்ணோக்கியாக இருந்தாலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. பள்ளிக்கூடத்து 45 மடங்கு லென்ஸுக்கு அந்த எல்லை 500 நானோமீட்டரை ஒட்டி வரும். மைட்டோகாண்ட்ரியாவைக் காண அதற்கென்று தனிச் சாயம் வேண்டும். ஆக, அந்தப் படங்கள் நுண்ணோக்கியைப் பார்த்து வரைந்தவை அல்ல. பாடநூலின் படத்தைப் பார்த்தோ மனப்பாடத்திலிருந்தோ வந்தவை.

வட்டம் வரைந்த பதினோரு பேரும் கண்ணால் கண்டதை வரைந்திருந்தார்கள். அவர்கள் கண்டது காற்றுக் குமிழ். அதில் ஏழு பேர் வட்டத்துக்கு ‘நுண்குமிழ்’ என்று பெயர் எழுதியிருந்தார்கள். செல்லுக்குள் பை போல இருக்கும் வாக்குவோலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் நுண்குமிழ். குமிழ் போலத் தெரிந்ததற்குப் பாடத்தில் படித்த குமிழின் பெயரை வைத்தது பிள்ளைகளின் அலட்சியம் ஆகாது; சொல்லைப் பொருளோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். நான்கு பேர் நடுவில் இருந்த ஒளிப்புள்ளியை உட்கரு என்று குறித்திருந்தார்கள்.

இந்த ஆய்வின் மையம் இந்த இடம்தான். அழகாக வரைந்த இருபத்தொரு பேரைவிட, தவறாக வரைந்த பதினொரு பேர் செய்முறைக்கு நெருக்கமாக இருந்தார்கள். கற்றுக்கொடுப்பதில் எங்கே ஓட்டை என்பதைக் காட்டியதும் அவர்களுடைய நோட்டுகளே.

கருவிகளையும் ஸ்லைடுகளையும் சோதித்தபோது

அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து, ஒரு சனிக்கிழமை காலை நான்கு நுண்ணோக்கிகளும் வரிசையாகச் சோதிக்கப்பட்டன. பார்வையில் தெரியும் அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கண்ணருகு லென்ஸைக் கையால் சுழற்றும்போது அழுக்கும் சேர்ந்து சுழன்றால் அது அந்த லென்ஸில் இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாமல், பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அந்தப் பொருளருகு லென்ஸில். எதற்கும் அசையாமல் அங்கேயே நின்றால் கண்டென்சரிலோ ஆடியிலோ தேட வேண்டும்.

முதல் கருவியின் கண்ணருகு லென்ஸில் வேர் பிரிந்தது போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடற்கரை ஈரம், இருட்டு, மூடிய மரப்பெட்டி, உள்ளே ஒட்டிய கம்பளித் துணி ஆகிய நான்கும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறொன்றும் தேவையில்லை. லென்ஸ் பேப்பரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் படலம் போனது. ஆனால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியை அரித்த தடம் அப்படியே நின்றது. அது துடைத்துப் போவதில்லை.

இரண்டாம், மூன்றாம் கருவிகளில் குழியாடிப் பக்கம் மேலே திரும்பியிருந்தது. கண்டென்சர் உள்ள நுண்ணோக்கிக்குச் சமதள ஆடியே சரி. ஒளியைக் குவிக்கும் வேலையைக் கண்டென்சர் செய்கிறது. அடியில் குழியாடியும் குவித்தால் பார்வை வட்டம் சீராக ஒளிராது. அத்தோடு, வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டயாஃபிரம் முழுக்கத் திறந்திருந்தது. டயாஃபிரம் முழுக்கத் திறந்தால் வெளிச்சம் வெள்ளமாக வந்து, செல்லுக்குள் இருக்கும் வெளிறிய சைட்டோபிளாசத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வெளிச்சத்திலும் பளிச்சென்று நிற்பது காற்றுக் குமிழின் கறுப்பு விளிம்பு ஒன்றுதான். குழந்தையின் கண் அதில் போய் நிற்பது இயல்பு.

நான்காவதில் 45 மடங்கு லென்ஸின் முகப்பில் பழைய கிளிசரின் ஒட்டியிருந்தது. கிளிசரின் நீரில் கரையும். வாலை வடிநீரில் நனைத்த லென்ஸ் பேப்பரால் மூன்று முறை ஒற்றி எடுத்ததும் தெளிந்தது.

அடுத்து ஸ்லைடுகள். மூன்றில் 45 மடங்கு லென்ஸுக்கு எவ்வளவு திருகியும் படம் தெளியவில்லை. காரணம் கவர் ஸ்லிப். இந்த லென்ஸ்கள் சுமார் 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் ஸ்லிப்புக்கென்று செய்யப்பட்டவை. லென்ஸ் முகப்புக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுக்கே இடம் இருக்கும். ஈரத்தில் கவர் ஸ்லிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டை ஒன்றென்று நினைத்து எடுத்து மூடியிருந்தார்கள். இன்னொரு ஸ்லைடு தலைகீழாகவே மேடையில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள கண்ணாடியை ஊடுருவி 45 மடங்கு லென்ஸால் பார்க்க முடியாது.

குமிழ்கள் வந்த காரணமும் தெளிவானது. காய்ந்து சுருண்ட தோலின் மடிப்பில் காற்று தங்கும். நீர் கலக்காத கிளிசரின் குழம்பு போல இருப்பதால் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடாது. தட்டையாக வைத்த கவர் ஸ்லிப் காற்றை நாலாபக்கமும் மூடி அடைத்துவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, கிளிசரினுக்கு 1.47. வேறுபாடு பெரியதாக இருப்பதால் குமிழின் ஓரத்தில் படும் ஒளி திசைமாறி லென்ஸுக்கு வராமலே போகிறது. அதுவே அந்தத் தடித்த கறுப்பு விளிம்பு. நீரில் உள்ள குமிழுக்கு விளிம்பு சற்று மெலிதாக இருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு மதிப்பெண் பற்றியது. வட்டம் வரைந்தவர்களுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்று ஆசிரியை தீர்மானித்தார். குறைத்தால் அடுத்த முறை அவர்களும் புத்தகப் படத்தையே வரைவார்கள். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். ரைபோசோம் வரைந்த நோட்டு ஒன்றையும் குமிழ் வரைந்த நோட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, செல்லைக் காட்டுவதற்கு முன்னால் குமிழைக் காட்டுவது. தோலே வைக்காமல் வெறும் நீர்ச்சொட்டின் மேல் கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டால் குமிழ்கள் தாமாக வரும். அதைப் பார்த்து, வரைந்து, ‘காற்றுக் குமிழ்’ என்று பெயரெழுதிய பிறகே வெங்காயத்தோல். எது செல் இல்லை என்று முதலில் தெரிந்துகொண்ட கண்ணுக்குச் செல் எது என்று காட்டுவது சுலபம்.

மூன்றாவது, ஒரே பாடவேளையில் 36 பேரையும் அடைக்காமல் பன்னிரண்டு பேராக மூன்று அணிகள். ஒரு நுண்ணோக்கிக்கு மூன்று பேர். தலைமையாசிரியர் அடுத்தடுத்த மூன்று நாள்கள் அறிவியல் பாடவேளையை இதற்கு ஒதுக்கினார். ஒரு அணி ஆய்வகத்தில் இருக்கும்போது மற்ற இரண்டு அணிகளையும் கணித ஆசிரியர் வகுப்பறையில் பார்த்துக்கொண்டார். அவர்களுக்குப் பார்வை வட்டத்தின் அளவை வைத்துக் கணக்குகள் கொடுக்கப்பட்டன.

நான்காவது, பார்க்காததற்குப் பெயரெழுதக் கூடாது என்ற ஒரே விதி. பென்சில், ஒற்றைக் கோடு, ஒன்றையொன்று ஒட்டிய மூன்று செல்கள், பக்கத்தில் உருப்பெருக்கம். நிழல் தீட்ட வேண்டாம்.

இரண்டாம் முறை

வெயில் நேரடியாக ஆடியில் பட்டால் அது கண்ணுக்குப் பெரும் ஆபத்து. காலைப் பாடவேளை என்பதால் கிழக்குச் சன்னலில் வெள்ளை வேட்டித்துணி கட்டப்பட்டது. அது வெயிலை மறைத்ததோடு, சீரான வெளிச்சத்தையும் தந்தது.

தொடக்கத்தில் செய்தித்தாளின் வரி விளம்பரத்திலிருந்து வெட்டிய ‘ட’ என்ற எழுத்து. எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிவதை ஒவ்வொருவரும் பார்த்தார்கள். ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் ஓடுகிறது. இது விரலில் பழகாததால்தான் முதல் வகுப்பில் பலர் தோலைத் தவறவிட்டு, வெற்றுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோல். 10 மடங்கு பொருளருகு லென்ஸில், அதாவது மொத்தம் 100 மடங்கில், பார்வை வட்டத்தின் குறுக்களவு சுமார் 1.8 மில்லிமீட்டர் வந்தது. 45 மடங்கு லென்ஸுக்கு மாறினால் அது 1.8 × 10 ÷ 45, அதாவது 0.4 மில்லிமீட்டர். இந்த எண்ணை வைத்தே முன்பு புரியாதிருந்த ஒன்று விளங்கியது. நீளவாக்கில் ஆறு செல்கள் வட்டத்தைக் கடந்தன. ஒரு செல்லின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். 45 மடங்கில் ஏறக்குறைய ஒரே செல் முழுப் பார்வையையும் அடைத்துக்கொள்ளும். முதல் நாளில் பெரிய லென்ஸைப் போட்டதும் “ஒண்ணுமே தெரியல மிஸ்” என்று சொன்னவர்கள் பலர் உண்மையில் ஒரு செல்லின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்கள் பார்வைக்கு வெளியே இருந்தன.

தோல் தயாரிப்பில் செய்த மாற்றங்கள் சிறியவை. சதையிதழைக் கத்தியால் அறுக்காமல், உட்குழிந்த பக்கம் தோல் மட்டும் விட்டுப்போகும்படி உடைத்து இழுத்தார்கள். 5 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கிய துண்டு உடனே வாட்ச் கிளாஸ் என்ற குழிந்த கண்ணாடித் தட்டில் இருந்த நீரில் போடப்பட்டது. சாஃப்ரனினில் ஒரு நிமிடம், பிறகு நீரில் அலசல். இடுக்கியைவிட மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தால் தோல் மடிவதில்லை. கிளிசரினும் நீரும் சரிபாதி. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைச் சொட்டில் தொடவைத்து, 45 பாகை சாய்வில் ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குவது. வழிந்த நீர்மத்தை வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சுவது. ஒட்டிய கவர் ஸ்லிப்புகள் முந்தின நாள் மாலையே ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன.

படம் தெளியவைப்பதில் ஒரே ஒழுங்கு: பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே லென்ஸைக் கீழே இறக்கு, கண்ணை லென்ஸில் வைத்து மேலே ஏற்று. கண் லென்ஸில் இருக்கும்போது பெரிய திருகால் இறக்கவே கூடாது. 45 மடங்கு லென்ஸுக்குச் சிறிய திருகு மட்டும்.

சந்தேகம் வந்தால் சோதிக்க மூன்று கேள்விகள் கரும்பலகையில் எழுதப்பட்டன. பக்கத்தில் இன்னொன்று சுவரைப் பகிர்ந்து ஒட்டியிருக்கிறதா? கவர் ஸ்லிப்பை ஊசியால் மெல்லத் தொட்டால் அது மட்டும் நகர்கிறதா, உருமாறுகிறதா? சிறிய திருகால் மெல்ல இறக்கும்போது நடுவில் உள்ள ஒளி சுருங்கிப் பளிச்சிடுகிறதா? பின்னிரண்டுக்கும் ஆம் என்றால் காற்று. முதல் கேள்வியே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்து ‘செல்’ என்று பெயரிட்டதும் சிற்றறைகளைத்தான்; இரண்டு அறைக்கு நடுவே ஒரு சுவர் இருக்கும் என்று சொன்னதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

வழியில் நேர்ந்தவை

எல்லாம் சரியாக நடக்கவில்லை. முதல் அணியில் சாயம் மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்ததால் சுவரும் உட்கருவும் ஒரே சிவப்பாகிப் பிரித்தறிய முடியவில்லை. அந்தத் துண்டுகளை நீரில் நீண்டநேரம் அலசியும் ஓரளவே வெளுத்தன. புதிதாக உரிப்பதே விரைவு. இரண்டாம் அணியில் ஒரு மாணவன் 45 மடங்கு லென்ஸைப் பெரிய திருகால் இறக்கி ஒரு கவர் ஸ்லிப்பை உடைத்தான். லென்ஸுக்குச் சேதமில்லை. மூன்றாம் நாள் சாஃப்ரனின் தீர்ந்துபோய், மருந்துக்கடை டிங்சர் அயோடினை நீரில் ஐந்து மடங்கு கரைத்துப் பயன்படுத்தினார்கள். உட்கரு வெளிர்பழுப்பில் போதுமான அளவு தெரிந்தது.

ஒரு நல்ல விவாதமும் நடந்தது. சில செல்களில் உட்கரு சுவரோரம் ஒதுங்கியிருந்தது, சிலவற்றில் நடுவில் தெரிந்தது. எது சரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டும் சரி. செல்லின் நடுவைப் பெரிய வாக்குவோல் நிறைத்திருப்பதால் உட்கரு ஏதேனும் ஒரு சுவரை ஒட்டியே இருக்கும். பக்கச் சுவரை ஒட்டியிருந்தால் ஓரத்திலும், மேல்சுவரையோ அடிச்சுவரையோ ஒட்டியிருந்தால் நடுவிலும் தெரியும். சிறிய திருகை மெல்லத் திருகியபோது ஒரு செல்லின் உட்கருவும் பக்கத்துச் செல்லின் உட்கருவும் வெவ்வேறு ஆழத்தில் தெளிந்தன. நுண்குமிழ் என்ற சொல்லின் குழப்பமும் இங்கேதான் தீர்ந்தது. வெறுமையாகத் தெரிந்த அந்த நடுப்பகுதிதான் நுண்குமிழ். அதற்குள் காற்று இல்லை, சாறு இருக்கிறது.

விளைவு

இரண்டாம் சுற்றில் 34 பேர் வந்திருந்தார்கள். 29 பேர் சுவரைப் பகிர்ந்த மூன்று செல்களை உட்கருவோடு வரைந்தார்கள். மூன்று பேருக்குச் சாயத் தவறால் உட்கரு தெரியவில்லை. அவர்கள் அதை வரையவும் இல்லை, அதற்குப் பெயரெழுதவும் இல்லை. இரண்டு பேர் செல்களுக்கு இடையே ஒரு வட்டத்தையும் வரைந்து, ‘காற்றுக் குமிழ்’ என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ரைபோசோம் ஒரு நோட்டிலும் இல்லை. படங்களின் அழகு குறைந்துதான் போயிருந்தது. கோடுகள் கோணலாக, செல்கள் சமமற்று இருந்தன. வெங்காயத்தோலும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கருவிச் சோதனை வகுப்புக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் அக்டோபரிலும் முடியும் ஜனவரியிலும் ஒரு முறை என்றால் போதும்; நான்கு நுண்ணோக்கிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பிடிக்காது. மரப்பெட்டி இனி வேண்டாம் என்று முடிவானது. காற்றோட்டத் துளைகள் உள்ள அலமாரியின் அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்று மழைநாள்களில் எரியும். எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடைக்காது. லென்ஸ்களோடு சிலிக்கா ஜெல் பைகள். நீலம் இளஞ்சிவப்பானதும் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையலுக்கு எடுக்கும் வாணலியில் வறுக்கக் கூடாது.

கன்னச் செல் செய்முறை இந்த ஆண்டு நடத்தப்படவில்லை. மெத்திலீன் நீலமும் 0.9 சதவீத உப்புநீரும் வாங்கிவைத்து, ஒவ்வொருவரும் தம் கன்னத்தை மட்டும் புதிய பற்குச்சியின் மழுங்கிய முனையால் வருடி எடுத்து, குச்சியை உடனே பிளீச்சிங் கரைசலில் போடும் ஏற்பாடு இருந்தால்தான் நடத்த வேண்டும். அதற்கு முன்னால் வேலம்பாசி (ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரம்) நல்ல தேர்வு. அதன் இலை பெரும்பகுதி இரண்டே செல் அடுக்குத் தடிமன். உரிக்கவும் சாயமேற்றவும் வேண்டியதில்லை. பத்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால் பசுங்கணிகங்கள் செல்சுவரோரமாகச் சுற்றி ஓடுவது தெரியும்.

அரிப்புத் தடம் விழுந்த கண்ணருகு லென்ஸைத் தூக்கிப் போடவில்லை. ‘1’ என்று எண்ணிட்டு ஆய்வக மேசையிலேயே வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு வரும்போது, அழுக்கு எந்த லென்ஸில் இருக்கிறது என்று சுழற்றிக் கண்டுபிடிக்கும் முதல் பயிற்சி அதில்தான்.